ஒரே பக்கத்தில் பாதி ஸ்டாட்டிக், பாதி டைனமிக்: பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது?

பக்கம்புரட்டி:

வணக்கம். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியல் தளத்தை நெக்ஸ்ட் ஜேஎஸ் 15-இல் (ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் மேல் கட்டிய வலைத்தள ஃப்ரேம்வொர்க்), அதன் ஆப் ரூட்டர் என்ற பாதை அமைப்பை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சுமார் 40,000 புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம், நாலு பத்தி அறிமுகம் எல்லாம் மாதக்கணக்கில் மாறாதவை. அவற்றுக்குக் கீழே "கையிருப்பில் எத்தனை பிரதிகள்" என்று ஒரு வரி வரும். யாராவது புத்தகத்தை எடுத்தாலோ திருப்பிக் கொடுத்தாலோ அந்த எண் மாறும். ஹெடரில் வலது மூலையில், உள்நுழைந்தவரின் பெயரும் அவருடைய முன்பதிவுகளின் எண்ணிக்கையும். பக்கத்தின் நடுவிலும் ஒரு பெட்டி உண்டு: "இந்தப் புத்தகத்தை முன்பதிவு செய்திருக்கிறீர்கள், வரிசையில் மூன்றாவது ஆள் நீங்கள்" என்பது போல.

ஆரம்பத்தில் புத்தகப் பக்கங்கள் எல்லாம் ஸ்டாட்டிக், அதாவது தளத்தைத் தயாரிக்கும் பில்ட் நேரத்திலேயே செய்து வைத்தவை. பில்ட் முடிந்ததும் வரும் பட்டியலில் அழகாக வட்டக் குறி தெரியும். ஹெடரில் பெயர் காட்டும் வேலையைச் சேர்த்த நாளிலிருந்து எல்லாமே டைனமிக் ஆகிவிட்டது, அதாவது ஆள் கேட்ட பிறகே ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகிறது. "எங்களைப் பற்றி" பக்கம்கூட! அதில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை. இப்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸ் போய் வருகிறது, செர்வர் திணறுகிறது.

பாதி இப்படி, பாதி அப்படி என்று ஒரே பக்கத்தில் வைக்க முடியுமா? மாறாத பாதியை முன்பே செய்து வைத்து மீதியைப் பிறகு அனுப்பும் பார்ஷியல் ப்ரீரெண்டரிங் என்று ஒன்று சொல்கிறார்கள். அதுதான் வழியா, இல்லை பெயரைப் பிரவுசரில் பிறகு கொண்டுவந்தால் போதுமா?

தாமரை_டெவ்:

ரூட் லேஅவுட்டில் குக்கீயைப் (பிரவுசர் கோரிக்கையோடு அனுப்பும் சிறு குறிப்பு) படிக்கும் குக்கீஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்பீர்கள். அதுதான் காரணம்.

பில்ட் நேரத்தில் கோரிக்கை என்று ஒன்றே கிடையாது. கோரிக்கை இல்லாமல் குக்கீ ஏது? அதனால் குக்கீயைப் படிக்கும் எதையும் ஆள் வந்து கேட்கும் வரை தள்ளிப் போட்டாக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், நீங்கள் வைத்திருக்கும் அமைப்பில் ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்ற முடிவு ஒரு முழுப் பாதைக்கும் சேர்த்துத்தான் எடுக்கப்படும். ரூட் லேஅவுட் எல்லாப் பாதைகளுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு வரி, தளம் முழுக்க டைனமிக்.

இதில் எனக்குப் பிடிக்காத விஷயம், சத்தமே இல்லாமல் நடப்பது. எந்த எச்சரிக்கையும் வராது, பில்ட் பட்டியலில் குறி மட்டும் மாறும். 2025 அக்டோபரில் வந்த நெக்ஸ்ட் 16-இல் கேச் காம்போனென்ட்ஸ் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் நிலைமை தலைகீழ். கேச் செய்யாத (நகலாகச் சேமித்து வைக்காத) தரவையோ குக்கீயையோ சஸ்பென்ஸ் எல்லைக்கு (தயாராகாத பகுதிக்குப் பதில் தற்காலிகமாக ஒன்றைக் காட்டும் ரியாக்ட் உறை) வெளியே தொட்டால் பிழை என்று நிறுத்திவிடும். ஒரு நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு நிம்மதி.

பழைய_செர்வர்:

பெயர்தான் புதிது, கேள்விக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

2001-இல் அகமாய், ஆரக்கிள் முதலான நிறுவனங்கள் சேர்ந்து எட்ஜ் சைட் இன்க்ளூட்ஸ் என்ற மொழியை வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யிடம் சமர்ப்பித்தன. ஈஎஸ்ஐ என்பார்கள். பக்கத்தின் எலும்புக்கூடு கேச்சில் இருக்கும். நடுவில் ஒரு டேக், "இந்த முகவரியில் இருப்பதைக் கொண்டுவந்து இங்கே வை" என்று சொல்லும். அந்தக் கூட்டுக்கு ஒரு ஆயுள், துண்டுக்கு வேறு ஆயுள். வார்னிஷ் என்ற கேச் செர்வர் இன்றைக்கும் அதில் ஒரு பகுதியை ஆதரிக்கிறது, சிம்ஃபனி என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கிலும் இருக்கிறது. நான் வருடக்கணக்காக அதை வைத்துத்தான் செய்தித் தளங்களை ஓட்டினேன்.

அதன் குறை, வரிசை. மேலே உள்ள துண்டு தாமதமானால் கீழே இருப்பதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும். 2010-இல் ஃபேஸ்புக் எழுதிய பிக்பைப் அந்த முடிச்சை அவிழ்த்தது. கூட்டை முதலில் அனுப்பிவிடு, எந்தத் துண்டு முதலில் தயாராகிறதோ அது முதலில் போகட்டும், சரியான இடத்தில் உட்கார வைப்பதை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். தளங்களின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் ட்ரூபல் 8-இலும் அதே பெயரில் ஒரு மாட்யூல் வந்தது. 2022-இல் ரியாக்ட் 18 கொண்டுவந்த, சஸ்பென்ஸோடு துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீமிங்கும் அந்த வம்சம்தான். பார்ஷியல் ப்ரீரெண்டரிங்கில் கூடுதலாக ஒன்றே ஒன்று: கூட்டைக் கோரிக்கை வந்த பிறகு செய்யாமல், பில்ட் நேரத்திலேயே செய்து வைத்துவிடுகிறார்கள்.

பக்கம்புரட்டி:

நன்றி அண்ணா. ஆனால் ஒன்று புரியவில்லை. கூடு போய்ச் சேர்ந்த பிறகு மீதி எப்படிப் போகிறது? இன்னொரு கோரிக்கையா, அதே கோரிக்கையா?

தாமரை_டெவ்:

நெக்ஸ்ட்டில் அதே கோரிக்கை, ஒரே பதில். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உங்கள் முன்பதிவுப் பெட்டியைச் சஸ்பென்ஸுக்குள் வைத்து, "ஏற்றுகிறது" என்று ஒரு தற்காலிகப் பெட்டியும் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்ட் நேரத்தில் ரியாக்ட் மேலிருந்து ரெண்டர் செய்துகொண்டு வரும். பெட்டிக்குள் குக்கீ கேட்கப்படும் இடம் வந்ததும் அந்தக் கிளையை அப்படியே ஒத்தி வைக்கும். இரண்டு பொருள்கள் சேமிக்கப்படும்: ஒன்று, தற்காலிகப் பெட்டியோடு கூடிய எச்டிஎம்எல். மற்றொன்று, எங்கே விட்டோம் என்ற குறிப்பு.

ஆள் வந்து கேட்டவுடன் அந்த எச்டிஎம்எல் உடனே போய்விடும். ஒத்தி வைத்த கிளைக்காக விட்ட ஓட்டை இருக்கும் இடத்தில் பி:0 என்ற அடையாளத்தோடு காலியான டெம்ப்ளேட் டேக் ஒன்று, அதை ஒட்டி "ஏற்றுகிறது" பெட்டி. இணைப்பை மூடுவதில்லை. செர்வர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு, விட்ட கிளையை மட்டும் இப்போது குக்கீயோடு ரெண்டர் செய்யும். முடிந்ததும் அதே பதிலின் வாலில் எஸ்:0 என்ற அடையாளத்தோடு ஒரு மறைந்த டிவ், அதற்குள் உண்மையான பெட்டி, அதன் பின்னால் ஒரு குட்டி ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் பி:0-ஐத் தேடிப் பிடித்து, தற்காலிகப் பெட்டியை நீக்கிவிட்டு, எஸ்:0-இல் இருப்பதை அங்கே நகர்த்தும். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பதிலைத் திறந்து கடைசிக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் அந்த நகர்த்தல் நடக்காது, "ஏற்றுகிறது" என்பதே நிலைத்துவிடும். அதனால் தேடுபொறிக்கோ, இணைப்பைப் பகிரும்போது முன்னோட்டம் எடுக்கும் பாட்களுக்கோ தேவையானது எதையும் ஓட்டைக்குள் வைக்காதீர்கள். தலைப்பு, விவரம், அட்டைப்படம் எல்லாம் கூட்டிலேயே இருக்கட்டும்.

பதிப்பு விஷயம்: இது 14-இல் சோதனை முயற்சியாக வந்தது. 15-இன் நிலையான வெளியீட்டில் கிடைக்காது, கேனரி என்ற சோதனை வெளியீட்டில் மட்டும்தான். 16-இல் கேச் காம்போனென்ட்ஸுக்குள் கலந்துவிட்டது. 15-இல் இருந்துகொண்டு இதை முயற்சி செய்ய வேண்டாம்.

சிக்கனம்:

ஒரு பெயரும் இரண்டு எண்களும் காட்ட இவ்வளவு பெரிய ஏற்பாடா?

பக்கத்தை முழுக்க ஸ்டாட்டிக்காக விட்டுவிடுங்கள். "நான் யார்" என்று ஒரு ஏபிஐ (தரவை மட்டும் தரும் முகவரி) எழுதுங்கள். பெயர், முன்பதிவு எண்ணிக்கை, இந்தப் புத்தகத்துக்கு வரிசையில் எந்த இடம், மூன்றையும் ஒரே ஜேசனில் (தரவை எழுதி அனுப்பும் வடிவம்) தரட்டும். பிரவுசர் ஒரு தடவை கேட்கும், முடிந்தது. உள்நுழைவுக் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாமல் வைத்திருப்பீர்கள், வைக்கத்தான் வேண்டும். அதனால் கூடவே "உள்ளே இருக்கிறார்" என்று மட்டும் சொல்லும் வெற்றுக் குக்கீ ஒன்று வைத்தால், உள்நுழையாதவர்களுக்கு அந்த ஏபிஐயைக் கூப்பிடவே வேண்டாம். பட்டியல் தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உள்நுழையாமல் புரட்டிவிட்டுப் போகிறவர்கள்தானே?

இன்னொரு கேள்வி. எங்கே ஓடுகிறது உங்கள் தளம்?

பக்கம்புரட்டி:

சொந்த செர்வர். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு, அதற்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ், அதற்கும் முன்னால் ஒரு சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் வலையமைப்பு).

சிக்கனம்:

நினைத்தேன். அப்படியென்றால் பார்ஷியல் ப்ரீரெண்டரிங்கின் பெரிய லாபம் உங்களுக்குக் கிடைக்காது.

தாமரை சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: ஒரே கோரிக்கை, ஒரே பதில். சாதாரண சிடிஎன்னின் பார்வையில் ஒரு முகவரிக்கு ஒரு பதில். முதல் பாதியைக் கேச்சில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் உங்கள் செர்வரிடம் கேட்டு ஒட்ட அதற்குத் தெரியாது. பதிலின் வாலில் ஒருவருடைய பெயர் இருக்கிறது என்பதால் மொத்தத்தையும் கேச் செய்யக் கூடாது. ஆக, கூடு என்னவோ தயாராக இருக்கிறது, ஆனால் உங்கள் நோடு செர்வரின் வட்டில் இருக்கிறது. தூரத்தில் இருப்பவர் முதல் பைட்டுக்கே அவ்வளவு தூரம் வந்துதான் போக வேண்டும். கூட்டையும் பின்னால் வரும் மீதியையும் பிரித்துக் கையாளத் தெரிந்த தளங்களில் ஓட்டினால் கதை வேறு.

முழு ஸ்டாட்டிக் பக்கம் என்றால் அருகிலுள்ள சிடிஎன் முனையிலேயே கிடைத்துவிடும். உங்கள் செர்வர் படுத்துவிட்டால்கூடப் புத்தக அறிமுகத்தைப் படிக்கலாம்.

தாமரை_டெவ்:

சிடிஎன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் "பிரவுசர் ஒரு தடவை கேட்கும், முடிந்தது" என்பது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. எச்டிஎம்எல் வர வேண்டும், அதில் சொல்லப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் வர வேண்டும், ஹைட்ரேஷன் (வந்த பக்கத்துக்கு ரியாக்ட் உயிர் கொடுப்பது) நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் யூஸ் எஃபெக்ட் என்ற ரியாக்ட் ஃபங்ஷன் ஓடி ஏபிஐயைக் கேட்கும். பழைய ஃபோனில் பெயர் வந்து சேர்வதற்குள் ஆள் கீழே ஸ்க்ரோல் செய்து போயிருப்பார். ஸ்ட்ரீமிங்கில் கோரிக்கை செர்வரைத் தொட்ட கணத்திலேயே டேட்டாபேஸ் வேலை ஆரம்பித்துவிடும்.

உங்கள் வழியில்தான் போக வேண்டும் என்றால், ஹெட் பகுதியிலேயே நாலு வரி இன்லைன் ஸ்கிரிப்ட் வைத்து, ஏபிஐ கோரிக்கையை அங்கேயே கிளப்பிவிட்டு, அதன் ப்ராமிஸை (பிறகு வரப்போகும் விடைக்கான சீட்டு) விண்டோ என்ற பொதுப் பொருளில் மாட்டி வையுங்கள். பெயரைக் காட்டும் காம்போனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டு) எழுந்ததும் அதை எடுத்துக்கொள்ளட்டும். சங்கிலியில் பாதி அறுந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று: ஆஸ்ட்ரோ என்ற வேறொரு ஃப்ரேம்வொர்க்கின் செர்வர் ஐலண்ட்ஸ். 2024-இல் சோதனையாக வந்து, ஆஸ்ட்ரோ 5-இல் நிலைபெற்றது. காம்போனென்ட்டில் செர்வர் டிஃபர் என்று எழுதினால், அந்தத் துண்டு மட்டும் தனிக் கோரிக்கையாகப் போய், ஜேசன் இல்லாமல் முழு எச்டிஎம்எல்லாகவே வரும். தனிக் கோரிக்கை என்பதால் கூட்டை எந்தச் சிடிஎன்னிலும் வைக்கலாம். துண்டுக்குக் கொடுக்கும் ப்ராப்ஸ் (உள்ளீட்டு மதிப்புகள்) மறையாக்கப்பட்டு முகவரியில் போகும். பல செர்வர்கள் வைத்து ஓட்டினால் எல்லாவற்றுக்கும் ஒரே மறையாக்கச் சாவியைக் கொடுக்க மறக்கக் கூடாது. ஃப்ரேம்வொர்க்கை மாற்றச் சொல்லவில்லை, இப்படியும் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

கண்கொத்தி:

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. ஒருவருடைய பெயர் இன்னொருவருக்குத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

2015 கிறிஸ்துமஸ் அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் நடந்தது நினைவிருக்கிறதா? தாக்குதலைச் சமாளிக்கப் போட்ட கேச் அமைப்பு தவறாகி, உள்நுழைந்தவர்களுக்கான பக்கங்கள் மற்றவர்களுக்குப் போயின. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பாதிக்கப்பட்டதாக வால்வ் நிறுவனமே சொன்னது. பாதி ஸ்டாட்டிக், பாதி டைனமிக் என்று கலக்கும் ஒவ்வொரு தளமும் அந்த விபத்துக்கு ஒரே ஒரு ஹெடர் (பதிலின் தலையில் போகும் குறிப்பு வரி) தூரத்தில்தான் இருக்கிறது.

"நான் யார்" பதிலில் கேச் கன்ட்ரோல் ஹெடர் ப்ரைவேட், நோ ஸ்டோர் (ஒருவருக்கு மட்டும், எங்கும் சேமிக்காதே) என்று இருக்க வேண்டும். அதை எழுதிவிட்டு நம்பி உட்காராதீர்கள். சில சிடிஎன்களில் "இந்தப் பாதைக்குக் கீழே எல்லாவற்றையும் கேச் செய்" என்று ஒரு விதி போட்டால் மூல செர்வர் சொல்வதை அது கண்டுகொள்ளாது. இரண்டு கணக்குகள், இரண்டு பிரவுசர்கள், சிடிஎன் வழியாகவே மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். செர்வரை நேரடியாகத் தொட்டுச் சோதிப்பதில் பயனில்லை.

வேரி ஹெடரில் குக்கீ என்று போட்டு, குக்கீக்கு ஒரு நகல் வைக்கச் சொன்னால் போதுமே என்று யாராவது வருவார்கள். பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுக் கருவிகள் பலவும் ஆளுக்கொரு குக்கீ போடுகின்றன. ஆளுக்கொரு கேச் பதிவு உருவாகும், கேச் இருந்தும் இல்லாத கதைதான்.

கூடவே ஒன்று. பாதுகாப்புக்காக சிஎஸ்பியில் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) நான்ஸ் என்ற ஒருமுறைக் குறியீட்டைப் பயன்படுத்துகிறீர்களா? நான்ஸ் ஒவ்வொரு பதிலுக்கும் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டாட்டிக் கூட்டில் அது பில்ட் நேரத்திலேயே உறைந்துவிடும், அப்புறம் அதற்குப் பொருளே இல்லை. ஸ்டாட்டிக் என்று முடிவெடுத்தால், ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் ஹாஷ் முறைக்கு மாறுங்கள். தாமரை சொன்ன இன்லைன் ஸ்கிரிப்டும் அதில் சேர வேண்டும்.

பக்கம்புரட்டி:

நான்ஸ் வைத்திருக்கிறேன்... இதை யோசிக்கவே இல்லை, நன்றி.

பார்ஷியல் ப்ரீரெண்டரிங்கையும் ஒரு கை பார்ப்போம் என்று ப்ரோகிராமின் தனிக் கிளையில் நெக்ஸ்ட் 16-க்கு ஏற்றினேன். என் கணினியில் அழகாக வேலை செய்கிறது. கூடு முதலில் வருகிறது, பெட்டி கொஞ்சம் கழித்து வருகிறது. சோதனை செர்வரில் ஏற்றினால் இரண்டும் ஒன்றாக, பெட்டி தயாரான பிறகுதான் வருகின்றன. கூடு காத்திருக்கிறது!

பழைய_செர்வர்:

என்ஜின்எக்ஸ். ப்ராக்ஸி பஃபரிங் இயல்பாகவே ஆனில் இருக்கும். நோடு துண்டு துண்டாக அனுப்புவதை அது சேர்த்து வைத்துத்தான் கொடுக்கும். நெக்ஸ்ட்டின் ஹெடர் அமைப்பில் எக்ஸ் ஆக்ஸெல் பஃபரிங் என்ற ஹெடருக்கு "நோ" என்று கொடுத்தால், அந்தப் பதிலுக்கு மட்டும் சேர்க்காமல் விட்டுவிடும். கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கர்ல் கட்டளையை என் என்ற பெரிய எழுத்து விருப்பத்தோடு ஓட்டினால் துண்டுகள் வந்து விழுவது டெர்மினலில் தெரியும். பிரவுசரை வைத்துச் சோதித்தால் எது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கப்புறமும் நின்றால் ஜிசிப்பைப் பாருங்கள், அதுவும் கொஞ்சம் சேர்ந்த பிறகே சுருக்கி அனுப்பும் பழக்கமுள்ளது.

பக்கம்புரட்டி:

பஃபரிங்தான். சரியாகிவிட்டது.

அடுத்தது: இல்லாத புத்தக எண்ணைக் கொடுத்தால் "கிடைக்கவில்லை" பக்கம் சரியாகத் தெரிகிறது, ஆனால் ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரி) என்று வருகிறது. 404 (கிடைக்கவில்லை) வரவில்லை.

தாமரை_டெவ்:

பதிலில் ஸ்டேட்டஸ் வரிதான் முதலில் போகும், அப்புறம் ஹெடர்கள், அப்புறம் உடல். கூட்டின் முதல் எழுத்து கிளம்பிய கணத்தில் 200 என்று எழுதி அனுப்பியாயிற்று. பாதி வழியில் "இந்தப் புத்தகமே இல்லை" என்று தெரிந்தால் திருப்பி எழுத முடியாது. நெக்ஸ்ட் அந்த நேரத்தில் நோ இண்டெக்ஸ் (பட்டியலில் சேர்க்காதே) என்று ஒரு மெட்டா டேக் சேர்த்துத் தேடுபொறிக்காவது சொல்லிப் பார்க்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. ரீடைரக்டுக்கும் (வேறு பக்கத்துக்குத் திருப்புவது) இதே கதி, செட் குக்கீக்கும் (குக்கீ போடச் சொல்லும் ஹெடர்) இதே கதி.

புத்தகம் இருக்கிறதா என்ற கேள்வியைச் சஸ்பென்ஸுக்கு வெளியே எடுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறுவது இல்லை, யூஸ் கேச் என்ற குறிப்பைப் போட்டுக் கேச்சில் வைக்கலாம். எதற்கெல்லாம் ஸ்டேட்டஸையோ ஹெடரையோ மாற்றும் அதிகாரம் இருக்கிறதோ அதெல்லாம் முதல் பைட்டுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். "உள்நுழையாதவரை வெளியே அனுப்பு" என்ற சோதனையை ஓட்டைக்குள் வைத்திருக்கும் ப்ரோகிராம்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தற்காலிகப் பெட்டியின் உயரத்தையும் பாருங்கள். உண்மையான பெட்டி மூன்று வரி, "ஏற்றுகிறது" ஒரு வரி என்றால், வந்து விழும்போது அறிமுகப் பத்தி கீழே குதிக்கும். சிஎல்எஸ் (பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்ற அளவு) 0.1-க்குள் இருந்தால்தான் நல்லது என்கிறார்கள், ஒரு பெட்டி போதும் அதைத் தாண்ட. முன்பதிவு இல்லாதவருக்குப் பெட்டியே கிடையாதே, அவருக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? அதற்கு நல்ல விடை இல்லை. நான் என்றால் பெட்டி எப்போதும் இருக்கும்படி செய்வேன்: முன்பதிவு இருந்தால் வரிசை எண், இல்லாவிட்டால் "முன்பதிவு செய்" பொத்தான். ரெண்டரிங் சிக்கலை வடிவமைப்பில் தீர்ப்பதுதான் மலிவு.

பழைய_செர்வர்:

எல்லோரும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குக் கையிருப்பு வரிதான் உறுத்துகிறது. முதல் பதிவில் அதை டைனமிக் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார், யாரும் கேட்கவில்லை.

ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்று கேட்டால் இரண்டு பெட்டிகள்தான் கண்ணில் படும். நான் ஒவ்வொரு தரவையும் பார்த்து வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். இது எல்லோருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஒன்றா? எவ்வளவு நேரம் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை? இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வேலை அதிகமாகிறது. கையிருப்பு அடிக்கடி மாறுகிறது, உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே எண். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தைப் பார்த்தாலும் டேட்டாபேஸை ஒரு முறை கேட்டால் போதும். உங்கள் பெயர் அப்படி இல்லை. பெயர் மாதக்கணக்கில் மாறாது, ஆனால் ஒருவருக்கு மட்டுமே உரியது. அதைப் பொதுக் கேச்சில் வைக்கவே கூடாது.

சரி, எண் எவ்வளவு பழையதாக இருக்கலாம்? அரை நிமிடம் பழையது என்றால் என்ன ஆகிவிடும்? "2 பிரதிகள்" என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார், அதற்குள் இரண்டும் போய்விட்டன. திரையில் சரியான எண்ணையே காட்டியிருந்தாலும் அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதே நிலைமை வந்திருக்கும். உண்மையான சோதனை, பொத்தானை அழுத்தியதும் டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். திரையில் இருப்பது ஒரு குறிப்பு மட்டும். இதை ஏற்றுக்கொண்டால் கையிருப்புக்குத் தனி ஏபிஐ, எஸ் மேக்ஸ் ஏஜ் (பொதுக் கேச்சில் வைத்திருக்கும் நேரம்) 30 விநாடி, ஸ்டேல் வைல் ரீவேலிடேட் (பழையதைக் கொடுத்துக்கொண்டே பின்னால் புதிதைக் கேட்கும் நேரம்) இன்னொரு 30 என்று போட்டுச் சிடிஎன்னிடமே விட்டுவிடலாம். அந்த இரண்டாவது வசதி 2010-லிருந்தே ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணத்தில் இருக்கிறது. உங்கள் சிடிஎன் அதை மதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தயவுசெய்து இதை "நான் யார்" ஜேசனுக்குள் திணித்து விடாதீர்கள். ஒரு கோரிக்கை மிச்சம் என்று தோன்றும். தனிப்பட்டது ஒரு சொட்டு கலந்தால் மொத்தப் பதிலும் கேச் செய்ய முடியாததாகிவிடும்.

சிக்கனம்:

இது சரியான கணக்கு. என் முதல் பதிவில் மூன்றும் தனிப்பட்டவைதான், கையிருப்பைச் சேர்க்கவில்லை, ஆனால் தனியாக வை என்று சொல்லவும் இல்லை.

கேச் பதிவுக்கு ஒரு டேக் (பெயர்ச்சீட்டு) வைத்து ரீவேலிடேட் செய்யலாமே (புதுப்பிக்கச் சொல்லலாமே) என்று கேட்பீர்கள். புத்தகம் கைமாறியதும் அந்த டேகை அழிக்கலாம்தான். ஆனால் அது நெக்ஸ்ட்டின் கேச்சை மட்டும் அழிக்கும், சிடிஎன்னில் இருக்கும் நகல் அப்படியே கிடக்கும். சிடிஎன்னுக்கும் தனியாகப் பர்ஜ் (நகலை அழி என்ற கட்டளை) அனுப்ப வேண்டும். நோடு இரண்டு மூன்று ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கேச், பொதுவான கேச் ஹேண்ட்லர் எழுதாவிட்டால் ஒன்று புதிது சொல்லும், மற்றொன்று பழையது சொல்லும். அறிமுகப் பத்தியைத் திருத்தும்போது இந்தச் சிரமம் தகும். நாள் முழுக்க மாறும் எண்ணுக்கு 30 விநாடி ஆயுளே மேல்.

பக்கம்புரட்டி:

இப்போது இப்படிப் பிரித்திருக்கிறேன். புத்தகப் பக்கங்கள் முழு ஸ்டாட்டிக், சிடிஎன்னில். 40,000-ஐயும் பில்டில் செய்யாமல், அதிகம் பார்க்கப்படும் சில நூறு மட்டும். மீதி முதல் ஆள் கேட்கும்போது உருவாகிக்கொள்ளும். கையிருப்பு தனி ஏபிஐ, 30 விநாடி. "நான் யார்" தனி, நோ ஸ்டோர், ஹெட்டிலேயே கிளம்புகிறது. "என் கணக்கு" பக்கம் முழுக்க டைனமிக், ஆனால் சஸ்பென்ஸோடு ஸ்ட்ரீம் ஆகிறது, ஏனென்றால் பழைய கடன் பட்டியல் வருவதற்கு நேரமாகிறது. உள்நுழைவுச் சோதனை சஸ்பென்ஸுக்கு வெளியே. சிஎஸ்பி ஹாஷுக்கு மாறியாயிற்று. இரண்டு கணக்குகள் வைத்துச் சிடிஎன் வழியாகச் சோதித்தேன், கசியவில்லை.

மிச்சம் ஒன்று. முன்பதிவுப் பொத்தானை அழுத்தினால் "என் கணக்கு" பக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து பேக் பொத்தானை அழுத்தித் திரும்பினால் புத்தகப் பக்கத்தில் மறுபடியும் "முன்பதிவு செய்" என்றே இருக்கிறது. ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிறது.

தாமரை_டெவ்:

எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுப் பக்க நகர்வு என்றால் பிரவுசரின் பிஎஃப் கேச். பக்கத்தை நினைவகத்தில் உறைய வைத்து, அதே நிலையில் திருப்பிக் கொடுக்கும். ஸ்கிரிப்ட் மறுபடி முதலிலிருந்து ஓடாது. பேஜ் ஷோ நிகழ்வைக் கேளுங்கள், அதில் பெர்சிஸ்டட் என்பது உண்மை என்றால் "நான் யார்" ஏபிஐயை இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.

நெக்ஸ்ட்டின் லிங்க் வழியாகப் போனால் பேஜ் ஷோ வராது. அந்த ப்ராமிஸை ஹெட்டில் ஒரு தடவை கிளப்பி விண்டோவில் மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா? பக்கம் மாறினாலும் விண்டோ அதேதான், பழைய விடையையே எடுத்துக்கொள்கிறது. முன்பதிவு வெற்றி என்றதும் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கேட்டு மாட்டுங்கள்.

பக்கம்புரட்டி:

இரண்டாவதுதான். லிங்க் வழியாகத்தான் போகிறேன். மாற்றிவிட்டேன், பேக் அழுத்தினால் இப்போது வரிசை எண் வருகிறது. பேஜ் ஷோவையும் சேர்த்தே வைக்கிறேன், வெளித் தளத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குத் தேவைப்படும்.